பதினோராவது விதி

என் இடது மார்பில், காலருக்கு ஒரு சாண் கீழே, செவ்வகமாக ஒரு தழும்பு இருக்கிறது. பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம், நான்கு சென்டிமீட்டர் உயரம். அதற்குள் இருப்பது தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோல். அந்த இடம் வியர்ப்பதில்லை. தொட்டால், பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்த பிறகு கன்னத்தைத் தொடுவது போலிருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஏழு வாரம் ஆகிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஷாக் அடித்ததா என்றுதான் கேட்கிறார்கள். ஷாக் அடிக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் முழுவதையும் ஒருமுறை எழுதி வைக்கிறேன். இதில் என் தவறும் இருக்கிறது. அதை எழுதாவிட்டால் மற்றது விளங்காது.

ஈக்காட்டுத்தாங்கலில் மின் பேனல் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தேன். பெரிய கட்டடங்களின் கீழ்த்தளத்தில் இரும்பு அலமாரி போல ஆள் உயரத்துக்கு நிற்குமே, அவைதான் பேனல்கள். அதற்கு முன் பத்தொன்பது வருடம் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். பத்திரிகை ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்தவர்களில் நானும் ஒருவன். பட்டறையில் எனக்கு எழுத்து வேலை. சோதனைச் சான்றிதழ், இயக்கக் கையேடு, அறிவிப்புப் பலகை, லீவு படிவம் என்று காகிதம் சம்பந்தப்பட்ட எல்லாம் என் மேஜைக்கு வரும்.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன், புதிய கையேட்டுக்காகப் படம் எடுக்கச் சோதனை அறைக்குப் போனேன். ஃபோர்மேன் டில்லி ஒரு பேனலுக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும். அவர் அப்படித்தான் நின்றார். எனக்குப் படத்தில் முழுப் பேனலும் விழ வேண்டும் என்பதால் நேராக நின்றேன். உள்ளே யாரோ மறந்துவிட்டிருந்த ஒரு வாஷர் இரண்டு செம்புப் பட்டைகளுக்கு நடுவே விழுந்திருக்கிறது.

நடந்ததன் பெயர் ஆர்க் ஃபிளாஷ். மின்சாரம் கம்பியை விட்டுக் காற்றில் தாவும்போது வெடிக்கும் வெளிச்சமும் வெப்பமும். ஒரு நொடிகூட நீடிக்காது. எனக்கு நினைவிருப்பது ஒரு வெள்ளை நிறம். அதன் பிறகு, மார்பில் யாரோ இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு எடுக்க மறந்தது போன்ற அழுத்தம்.

டில்லி என்னை முற்றத்துக்கு இழுத்துப் போய் டிரம்மிலிருந்து தண்ணீர் ஊற்றினார். இருபது நிமிடம் நிறுத்தாமல் ஊற்றினார். யாரோ பற்பசையோடு ஓடிவந்தார்கள். "எவனாச்சும் பேஸ்ட்ட எட்த்தாந்தீங்க, கைய ஒட்ச்சிடுவேன்" என்று டில்லி சொன்னது காதில் விழுந்தது. பற்பசை தடவக் கூடாது என்பது பட்டறையின் பாதுகாப்புப் பலகையில் ஏழாவது விதி. பலகையை எழுதியவன் நான்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவசரப் பிரிவில் நான் மாட்டியிருந்த பாதுகாப்புக் கோட்டைக் கத்தரித்து எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டார்கள். பையை யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று மனைவி ரெஜினாவிடம் சொன்னேன். அவள் சாந்தோமில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. பத்தாம் வகுப்புத் தேர்வு விடைத்தாள் கட்டோடு வகுப்பிலிருந்து நேராக வந்திருந்தாள். உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்க வந்தவளிடம் கோட்டைப் பற்றிப் பேசியதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

தீக்காயத்தை இரண்டு விதமாக அளக்கிறார்கள். ஒன்று பரப்பு. நம் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த அளவு ஏறக்குறைய உடம்பில் ஒரு சதவீதம். என் கணக்கு ஐந்து சதவீதம்: கழுத்து, வலது மணிக்கட்டு, மார்பு. இன்னொன்று ஆழம். மேல்தோல் மட்டும் வெந்தால் சிவந்து எரியும், கொப்புளிக்கும், தானாக ஆறிவிடும். அடித்தோல் வரை வெந்தால் வெள்ளையாகிவிடும். நரம்பும் போய்விடுவதால் வலிக்காது. வலிக்காத இடம்தான் மோசமான இடம். கழுத்தும் மணிக்கட்டும் உயிரை வாங்கின. மார்பில் ஓரங்கள் மட்டும் எரிந்தன. நடுவில் ஒன்றும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் வந்தார். நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாத பெண். கட்டைப் பிரித்து, சிறிய இடுக்கியால் மார்பிலிருந்து எதையோ பிய்த்து எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டே இருந்தார். கரிய, பளபளக்கும் துணுக்குகள். சிலவற்றின் நுனியில் மட்டும் மஞ்சள்.

"நெருப்புக்கு மூலை கிடையாது சார். இந்தக் காயத்துக்கு நாலு மூலை இருக்கு. சட்டைல இந்த இடத்துல என்ன இருந்தது?"

என் பெயர் இருந்தது. ஆரோக்கியசாமி. மஞ்சள் நூலில், தமிழில், எம்ப்ராய்டரி.

அங்கிருந்துதான் சொல்ல வேண்டும். நாங்கள் ஃபயர் கோட்டு என்று சொல்லும் அந்த அங்கி எரியாத துணி அல்ல. வெப்பம் பட்டால் கருகும். வெப்பம் போனதும் தானாக அணைந்துவிடும். உருகி உடம்பில் ஒட்டாது. அவ்வளவுதான் அதன் வேலை. நான் உட்பட பதினான்கு பேருக்குக் கோட்டு வாங்கியிருந்தார்கள். யாரும் போடவில்லை. வெயில் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. துவைத்து வந்தால் எது யாருடையது என்று தெரியாது. அடுத்தவன் வியர்வையை நான் ஏன் மாட்ட வேண்டும் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். அது நியாயம் என்று எனக்கும் பட்டது. பெயர் போடலாம் என்று யோசனை சொன்னேன். முதலாளி சந்தானம் உடனே ஒப்புக்கொண்டார். ஆயுத பூஜைக்குத் தரும் சுவீட் பெட்டியோடு இதையும் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றார். தி. நகரில் பள்ளிக்கூடச் சீருடைக்குப் பேட்ஜ் போடும் கடைக்கு நானே பதினான்கு கோட்டுகளையும் ஆட்டோவில் எடுத்துப் போனேன். எழுத்துகளுக்கு நானே பிழை பார்த்தேன்.

பூஜையன்று இயந்திரங்களுக்குச் சந்தனம் வைத்துப் பொட்டிட்ட பிறகு, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கோட்டைக் கொடுத்தோம். எல்லோரும் அன்றே மாட்டிப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு கோட்டு போடாதவர் ஒருவரும் இல்லை.

பேட்ஜ் நூல் பாலியெஸ்டர். எழுத்து சுருங்காமல் நிற்க உள்பக்கம் விறைப்பான துணி ஒன்றைப் பசையிட்டு ஒட்டுகிறார்கள். வெப்பத்தில் நூலும் உருகியது, பசையும் உருகியது. தையல் துளைகள் வழியாக உள்ளே வந்து, பனியனை ஊடுருவி, தோலில் ஒட்டிக்கொண்டது. கோட்டின் மற்ற பகுதி கருகி அணைந்துவிட்டது. அதற்குக் கீழே என் தோல் சிவந்திருந்தது, அவ்வளவே.

கோட்டோடு ஒரு காகிதம் வந்திருந்தது. ஆங்கிலத்தில் பதினோரு விதிகள். அதைத் தமிழாக்கிப் பலகையில் போடச் சொன்னார்கள். ஆறடி தூரத்திலிருந்து படிக்க வேண்டுமென்றால் எழுத்து இந்த அளவு இருக்க வேண்டும், அந்த அளவில் ஒன்பதுதான் அடங்கும். பத்திரிகையில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. முக்கியமானதை மேலே எழுதுவார்கள். இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டலாம், செய்தி கெடாது. பத்தொன்பது வருடம் அப்படித்தான் வெட்டியிருக்கிறேன். இங்கேயும் யோசிக்காமல் கடைசி இரண்டை வெட்டினேன். விதிகளை யாரும் முக்கியத்துவ வரிசையில் எழுதுவதில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. பத்தாவது, உள்ளே பருத்தி உடை மட்டும். பதினோராவது, கோட்டின் மேல் எதையும் தைக்கவோ ஒட்டவோ கூடாது. கிழிந்தால் அதே வகை நூலால்தான் தைக்க வேண்டும்.

அதை வெட்டி ஏழு மாதம் கழித்துத்தான் எம்ப்ராய்டரிக் கடைக்குப் போனேன். அப்போது அந்த விதி ஞாபகத்தில் இல்லை.

டாக்டர் போன பிறகு என் மனதில் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அந்த நேரத்தில் பதிமூன்று பேர் அதே கோட்டை மாட்டிக்கொண்டு பேனல்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். நான் சொல்லித்தான் மாட்டியிருந்தார்கள்.

முதலாளிக்குப் போன் செய்தேன். அவர் கூட்டத்தில் இருந்தார். மறுநாளும் கூட்டம். ஐந்தாம் நாள் பூங்கொத்தோடு நேரில் வந்தார். பூவை உள்ளே விடமாட்டோம் என்று நர்ஸ் வாங்கி வெளியே வைத்துவிட்டார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் அல்ல. இன்ஜினியர். பட்டறையைத் தன் கையால் கட்டியவர்.

"ஆரோக்கியம், பேர் போடறது உங்க ஐடியாதானே?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு அதைவிட மெதுவாக, "இப்ப திரும்ப வாங்கினா அதான் காரணம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். என்கொயரி முடியட்டும். நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார்.

ரெஸ்ட் என்பது ஆஸ்பத்திரியில் கிடைக்காத பொருள். ஆறாம் நாள் காய்ச்சல் வந்தது. காயத்தில் கிருமி வந்திருக்கிறதா என்று பஞ்சால் ஒற்றி எடுத்து வளர்த்துப் பார்க்கிறார்கள். முடிவு வர மூன்று நாள். அதுவரை அறுவை சிகிச்சை இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றுவார்கள். அந்த நாட்களில் காலை ஆறு மணியிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. மயக்க மருந்து தருகிறவர் பதினொன்றரைக்கு வருவார். ஏன் ஆறு மணி என்று கேட்டால், அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றார்கள். வரவேற்பு அறையில் ரெஜினா ஒவ்வொரு முறையும் மூன்று மணி நேரம் காத்திருந்தாள். விடைத்தாள் கட்டை அங்கேயே திருத்தி முடித்தாள். பக்கத்து இருக்கைக்காரர்கள் தங்கள் பிள்ளைகளின் கையெழுத்தைப் பற்றி அவளிடம் யோசனை கேட்கத் தொடங்கிவிட்டார்கள். என் சட்டைகளின் இடது தோளைப் பிரித்து ஹூக் வைத்துத் தைத்ததும் அங்கே உட்கார்ந்துதான்.

நான் டில்லிக்குத் தினமும் போன் செய்தேன். முதல் நாள் கேட்டுக்கொண்டார். இரண்டாம் நாள் சரி சார் என்றார். மூன்றாம் நாள் எரிச்சலானார். பெயரை எடுத்தால் ஒருவனும் கோட்டு மாட்டமாட்டான், மறுபடி வெறும் சட்டையோடு நிற்பான், அது பரவாயில்லையா என்று கேட்டார். பெயரோடு மாட்டினால் என் கதி. பெயர் இல்லாவிட்டால் மாட்டவே மாட்டார்கள், அது இன்னும் மோசம். விதியை எழுதியவர்களுக்கு இப்படி ஒரு கேள்வி வந்திருக்காது.

பத்தாம் நாள் மாலை, வேலை முடிந்து பஸ் பிடித்து டில்லி வந்தார். பார்வையாளருக்குத் தரும் நீலத் துணிக்குள் கோட்டைப் போட்டுக்கொண்டே வந்திருந்தார். "நீ இன்னா சார், டெய்லி போன் பண்ணி உயிர எடுக்குற. படுத்துக்கினே மேஸ்திரி வேல பாக்குறியா?" என்றார்.

நர்ஸ் ஒவ்வொரு கட்டு மாற்றும்போதும் காயத்தைப் படம் எடுப்பார். என் போனிலும் ஒன்று எடுத்துத் தரச் சொல்லி வாங்கி வைத்திருந்தேன். அதைக் காட்டினேன். டில்லி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இன்னா சார் இது. லேபிளு ஒட்ன மாரி கீது."

"என் பேர் டில்லி."

அவர் இன்னொரு முறை பார்த்தார். "உன் பேரு நீட்டு சார். என்னிய மாரி டில்லின்னு வெச்சிருந்தா பாதி தப்பிச்சிருப்ப."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். மார்பு இழுத்தது. பிறகு அவர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். நீலத் துணியைத் தூக்கி, மஞ்சள் எழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்து, அதன் விறைப்பை அழுத்திப் பார்த்தார். கோட்டைக் கழற்றி நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார்.

மறுநாள் டில்லி எல்லோரையும் கூட்டிப் படத்தைக் காட்டியிருக்கிறார். ஆட்கள் போய் முதலாளியிடம் சொன்னார்கள். அவர் ஸ்டோரில் சொல்லி வையுங்கள், பெயரை எடுத்துவிடட்டும் என்றார். ஸ்டோரில் இருந்தவர் தையலைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். பசை விடவில்லை. கத்தரிக்கோலை எடுத்துப் பதிமூன்று கோட்டுகளிலிருந்தும் பெயரை வெட்டி எடுத்துவிட்டார். வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. நெஞ்சில் ஓட்டையோடு பதிமூன்று கோட்டு. அன்று மாலையே அவற்றை மாட்டிக்கொண்டு சோதனை அறையில் வேலை நடந்தது. ஓட்டை வழியாக ஒருவனுடைய கிரிக்கெட் டீம் பனியன் தெரிவதாகவும், அது நைலான் என்றும் டில்லி சொன்னார். உள்ளே பருத்தி மட்டும் என்று எந்தப் பலகையும் அவனுக்குச் சொல்லவில்லை.

முதலாளிக்கு மறுபடி போன் செய்தேன். பெயர் எடுத்தாகிவிட்டதே என்றார்.

பன்னிரண்டாம் நாள் அறுவை சிகிச்சை. செத்த தோலைச் சீவி எடுத்துவிட்டு, தொடையிலிருந்து காகித கனத்துக்கு ஒரு படலம் எடுத்து அங்கே பரப்பி ஒட்டுகிறார்கள். ஐந்து நாள் அசையக் கூடாது. புதிய தோல் அடியிலிருக்கும் ரத்தக் குழாய்களோடு சேர்ந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் உரிந்துவிடும். யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம், மார்பைவிடத் தொடைதான் அதிகம் வலிக்கும்.

விபத்தைப் பதிவு செய்ய அரசுத் தரப்பிலிருந்து ஆய்வாளர் வருவார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கம்பெனி கொடுத்த அறிக்கையின் நகலை முதலாளி எனக்கும் அனுப்பியிருந்தார். "ஊழியர் அனுமதிக்கப்பட்ட இடத்துக்கு வெளியே நின்றிருந்தார்" என்று இருந்தது. அது உண்மை. கோட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ரெஜினாவிடம் வீட்டில், ஈபி ரசீதுகள் வைக்கும் ஃபைலில், அந்த ஆங்கிலக் காகிதம் இருக்கும் என்றேன். எதற்கு என்று கேட்டாள். சொன்னேன்.

"அதக் குடுத்தா அவங்க மொதல்ல கேக்கறது பலகை எழுதினது யாருன்னுதான். ரெண்டாவது, கடைக்குக் கொண்டுபோனது யாருன்னு. அம்பத்தோரு வயசுல இன்னொரு வேலை யார் தருவா?"

"பதிமூணு பேர் ஓட்டைக் கோட்டோட நிக்கறாங்க."

"தெரியுது. ஏன் அந்தப் பதிமூணு பேரோட வீட்ல ஒருத்தரும் கேக்கல?"

அவள் கோபமாகக் கிளம்பிப் போனாள். மறுநாள் காலை தயிர்சாத டப்பாவோடு அந்தக் காகிதத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தாள். எனக்கு மணிக்கட்டில் கட்டு. நான் சொல்லச் சொல்ல வாக்குமூலத்தை அவள் எழுதினாள். இடப் பற்றாக்குறையால் கடைசி இரண்டு விதிகள் பலகையில் விடுபட்டுவிட்டன என்று சொன்னேன். அவள் பேனாவை நிறுத்தினாள்.

"அதுவா விடுபட்டுது? எழுதறதுதான் எழுதறீங்க, ஒழுங்கா எழுதுங்க" என்றாள். பிறகு நான் சொல்லாமலே எழுதினாள்: கடைசி இரண்டு விதிகளை நான் வெட்டினேன்.

ஆய்வாளர் பதினாறாம் நாள் வந்தார். வாக்குமூலம், ஆங்கிலக் காகிதம், பலகையின் படம், பிளாஸ்டிக் பையில் இருந்த என் கோட்டு, நான்கையும் வாங்கிக்கொண்டார். அதிகம் கேட்கவில்லை. ஓட்டைகள் எப்போது வந்தன என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். அடுத்த நாளே பட்டறைக்குப் போய், முறையான கோட்டு வரும் வரை சோதனை அறையில் மின்சாரம் கொடுக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். முடிந்த பேனல்கள் வெளியே போக முடியாமல் நின்றன. நான் இரண்டு வாரமாகக் கெஞ்சியது நடக்க அந்த ஒரு தாள் போதுமாயிருந்தது.

ஒட்டிய தோல் பிழைத்துக்கொண்டது. பத்தொன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தேன். முதலாளி போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

அதற்குப் பத்து நாள் கழித்து டில்லி கூப்பிட்டார். புதுக் கோட்டு வந்துவிட்டதாம். காலருக்கு உள்ளே வெள்ளை லேபிள் இருக்கிறது, அதில் அழியாத மையில் அவரவர் பெயரை எழுதிக்கொண்டார்களாம். காகிதத்தில் அப்படிச் செய்யலாம் என்று போட்டிருக்கிறதா என்று ஆய்வாளரிடமே கேட்டுக்கொண்டதாகச் சொன்னார். பலகையும் மாறியிருக்கிறது. எழுத்து சின்னது, பக்கத்தில் போய்த்தான் படிக்க வேண்டும், ஆனால் பதினோரு விதியும் இருக்கிறது.

எத்தனை கோட்டு வந்தது என்று கேட்டேன்.

"பதிமூணு சார். ஸ்டோர்ல கேட்டேன். ஆபீஸ் லிஸ்ட்ல அவ்ளோதான் இருந்துச்சுன்றான்."

சரி என்றேன். இனி வர வேண்டாம் என்ற கடிதம் அதற்கு நான்கு நாள் கழித்துத்தான் பதிவுத் தபாலில் வந்தது.

"எல்லாரும் மாட்டறாங்களா?" என்று கேட்டேன்.

"மாட்டிக்கினுதான் கீறானுங்க. இந்த வெயில்ல, உன்னிய திட்டிக்கினே."